வரப்போரத்துத் தும்பை

துளசி, புதினா, கற்பூரவள்ளி ஆகியவை அடங்கிய லேமியேசி குடும்பத்தில் பிறந்த காட்டுச்செடி தும்பை. இதன் தாவரவியல் பெயர் லியூகாஸ் ஆஸ்பெரா. ஒரே பருவத்தில் முளைத்து, பூத்து, விதை உதிர்த்துக் காய்ந்துபோகும் இந்த ஓராண்டுச் செடி பெரும்பாலும் 15 முதல் 60 செ.மீ. உயரம் வரை வளரும்.

தண்டை விரல்களுக்கிடையே உருட்டினால் நான்கு பட்டைகள் தெரியும். இது லேமியேசி குடும்பத்தின் பொது அடையாளம். பட்டைகளின் மூலைகளில் தடித்த சுவருள்ள செல்கள் நிறைந்திருப்பதால், ஒல்லியான தண்டு காற்றில் வளைந்தாலும் எளிதில் முறிவதில்லை. தண்டின் மேல் சொரசொரப்பான மயிர்கள் உண்டு. இலைகள் எதிரெதிராக அமைகின்றன. ஒவ்வொரு ஜோடியும் அடுத்த ஜோடிக்குச் செங்குத்தாக நிற்பதால் கீழ் இலைகளுக்கும் வெயில் கிடைக்கிறது. இலை 8 செ.மீ. வரை நீளும், அகலம் ஒரு செ.மீ. அளவுதான்.

கணுக்களிலும் கிளை நுனிகளிலும் பூக்கள் கொத்தாகச் சூழ்ந்து பூக்கின்றன. பச்சைக் குழல் போன்ற புல்லிவட்டத்தின் வாய் ஒருபுறம் சாய்ந்திருக்கும். விளிம்பில் சிறு பற்கள் இருக்கும். அதிலிருந்து நீளும் வெண்ணிற அல்லிவட்டம் சுமார் ஒரு செ.மீ. நீளமுடையது. அதற்கு இரண்டு உதடுகள். சிறிய மேலுதட்டின் மேல் வெண்பஞ்சு போன்ற மயிர் அடர்ந்திருக்கும். அதன் கீழே, இரண்டு நீளமும் இரண்டு குட்டையுமாக நான்கு மகரந்தத்தாள்கள் ஒதுங்கியிருக்கும். அகன்ற கீழுதடு, தேன் தேடி வரும் பூச்சிக்கு இறங்குதளம். தேனீ அதில் அமர்ந்து தலையைக் குழலுக்குள் நுழைக்கும்போது, மேலிருக்கும் மகரந்தம் அதன் உடலின் மேற்பகுதியில் ஒட்டுகிறது. அடுத்த பூவில் அதே இடம் சூலகமுடியில் உரசும்.

அல்லிவட்டம் உதிர்ந்த பிறகும் புல்லிவட்டம் நிலைத்து நிற்கிறது. சூலகம் நான்காகப் பிரிந்து பழுப்பு நிறச் சிறு கொட்டைகளாக முதிர்கிறது. ஒவ்வொன்றும் சுமார் 2.5 மி.மீ. நீளம், உள்ளே ஒரே விதை. செடி காய்ந்து ஆடும்போது அவை காய்ந்த புல்லிவட்டத்திலிருந்து மண்ணில் உதிர்கின்றன.

இந்தியச் சமவெளிகள், இலங்கை, ஜாவா, பிலிப்பைன்ஸ், மொரிஷியஸ் எனத் தும்பை பரந்து வளர்கிறது. திறந்த வெயிலும் நீர் தேங்காத மண்ணும் அதற்குப் போதும். அடர்ந்த காட்டு நிழல் ஒத்துவராது. உழுத புன்செய், அறுவடை முடிந்த தரிசு, வரப்பு, சாலையோரம், இடிந்த சுவரடி போன்ற, மனிதர் கைபட்டுக் கலைந்த நிலமே அதன் வாழிடம். பெருஞ்செடிகள் மூடுவதற்குள் விரைவாக வளர்ந்து விதை தந்துவிடுவது அங்கே அதற்குக் கைகொடுக்கிறது. மானாவாரி உழவருக்கு இது களை. நாட்டு வைத்தியத்தில் சளிக்கும் தலைபாரத்துக்கும் மூலிகை. கேரளத்தில் ஓணப் பூக்களத்துக்குரிய மலர்.

பெயரில் தும்பை இருப்பதெல்லாம் உறவல்ல. உருண்டைக் கொத்தாகப் பூக்கும் பெருந்தும்பை, லியூகாஸ் பேரினத்தைச் சேர்ந்த நெருங்கிய சொந்தம். தலைகவிழ்ந்து பூக்கும் கவிழ்தும்பையும் தோட்டத்துக் காசித்தும்பையும் வேறு குடும்பங்களைச் சேர்ந்தவை. நாற்பட்டைத் தண்டு, எதிரிலை, ஈருதட்டுப் பூ, நான்கு கொட்டைகள் ஆகிய நான்கும் ஒருசேர இருக்கின்றனவா என்று பார்த்தால் அவ்விரண்டிலிருந்தும் தும்பையைப் பிரித்தறியலாம்.