நிரலாளர் விவாதமும் வினாவின் வரையறையும்

யாவரும் எடுத்தாளவும் திருத்தவும் உரிமை அளிக்கப்பட்ட கணிப்பொறி நிரலைத் திறந்த மூல நிரல் என்பர். அதனை ஆக்குவோர் பல நாடுகளில் வாழ்பவர்; பெரும்பாலும் ஒருவரையொருவர் நேரிற் காணாதவர்; பலர் ஊதியமின்றித் தம் ஓய்வு நேரத்தை அளிப்பவர். ஆதலின், அவர்களிடையே நிகழும் விவாதம் பொருளைவிட்டு விலகுமாயின் வீணாவது பொழுது மட்டுமன்று. பணி செய்வோரே மனம் சலித்து நீங்கிவிடுவர்.

ஒரே வேலைக்குப் பல கருவிகள் போட்டியிடும் துறையில் இவ்விலகல் எளிதில் நேரும். "இதனை எவ்வாறு செய்வது?" என்று தொடங்கிய பேச்சு, "எது சிறந்தது?" என்பதிற் சென்று சிக்கிக்கொள்ளும். முதல் வினாவுக்கு விடை காணலாம். இரண்டாவதற்கு அவரவர் பழக்கமே விடை.

பைத்தான் என்னும் நிரல்மொழி 1991-இல் வெளியாயிற்று. 2003-ஆம் ஆண்டளவில், அம்மொழியில் வலைத்தளம் அமைப்பதற்கு ஸோப், குவிக்ஸோட், வெப்வேர், டுவிஸ்டட் வெப் முதலிய பல சட்டகங்கள் வழங்கிவந்தன. சட்டகம் என்பது தளம் கட்டுவோர்க்கு வேண்டிய அடிப்படைப் பகுதிகளை ஆயத்தமாகத் தரும் நிரல்தொகுதி. படிப்பவரின் வேண்டுகோளை வாங்கி விடையை அனுப்புவதோ சேவையகம் என்னும் வேறொரு நிரல். ஒரு சட்டகத்தைத் தேர்ந்தவர்க்கு அதனோடு இயையும் சேவையகங்கள் சிலவே கிட்டின; சேவையகத்தை முதலில் தேர்ந்தாலோ சட்டகங்கள் குறைந்தன. புதிதாக வருவோர்க்கு இது பெருந்தொல்லை. எச்சட்டகத்தைப் பொதுவாக ஏற்பது என்று கேட்டிருப்பின் அவ்வழக்கு இன்றளவும் தீர்ந்திராது.

2003 டிசம்பரில் பிலிப் ஜே. ஈபி வரைந்த 333-ஆம் எண் முன்மொழிவு அவ்வினாவை எடுத்துக்கொள்ளவேயில்லை. சேவையகமும் சட்டகமும் சந்திக்கும் இடம் எவ்வாறு அமைதல் வேண்டும் என்பதொன்றையே அது ஆராய்ந்தது. புதிய சட்டகம் படைப்பது தன் நோக்கமன்று என்றும் வெளிப்படையாகக் கூறிற்று. அது வகுத்த ஒழுங்கு மிகச் சிறிது. சேவையகம் நிரலை அழைக்கும்போது இரண்டினைக் கொடுக்கும்: ஒன்று, வேண்டுகோளின் விவரங்கள் பெயரும் மதிப்புமாக அடங்கிய பட்டியல், மற்றொன்று, விடையின் நிலையையும் தலைப்புக் குறிப்புகளையும் தெரிவிப்பதற்கான வழி. நிரல், விடையின் உள்ளடக்கத்தைப் பகுதி பகுதியாகத் திருப்பித் தரும். டபிள்யூ.எஸ்.ஜி.ஐ. எனப்படும் இடைமுகம் இதுவே. மின்விளக்கு செய்வோர் பலராயினும், விளக்கின் அடிப்பாகமும் அதனை ஏற்கும் ஹோல்டரும் ஒரே அளவில் இருந்தால் எதனையும் எதிலும் பொருத்தலாமன்றோ? 2005-இல் வெளிவந்த ஜாங்கோவும் 2010-இல் வந்த ஃபிளாஸ்க்கும் தம்முள் போட்டியிடுவன. எனினும் இரண்டும் இவ்வொழுங்கை ஏற்றுள்ளன.

இம்முன்மொழிவு முறையில் ஆசிரியர்கள் கருதத்தக்க கூறு பிறிதொன்றும் உண்டு. மாற்றம் வேண்டுவோர் அதன் நோக்கத்தையும் காரணத்தையும் விவரத்தையும் எழுதித் தருதல் வேண்டும். விவாதத்தில் ஏற்கப்படாத கருத்துகளும், ஏற்கப்படாமைக்குரிய காரணங்களும் அதிலேயே பதிவாகும். ஆறு திங்கள் கழித்து ஒருவர் அதே கருத்தைக் கொணர்ந்தால் அப்பதிவைக் காட்டினாற் போதும். தலைவரின் கண்டிப்பினும் இது மிகுந்த பயன் தருவது என்பது எமது கருத்து. கண்டிக்கப்பட்டவர் வாயடங்குவாரேயன்றித் தெளிவடைவதில்லை.

வினாவைக் குறுக்குவதில் இழப்பும் உண்டு. ஒரு வேண்டுகோளுக்கு ஒரு விடை என்னும் அமைப்பையே இவ்விடைமுகம் கருதிற்று. இருபுறமும் நெடுநேரம் செய்தி பரிமாறும் இணைப்புகள் பெருகியபோது அது போதவில்லை. அப்பொழுதும் பழைய உடன்பாட்டைக் கலைத்துவிடாமல், ஏ.எஸ்.ஜி.ஐ. என்னும் வேறோர் இடைமுகம் தனியே வகுக்கப்பட்டது. 2019 டிசம்பரில் வெளியான ஜாங்கோவின் மூன்றாம் பதிப்பு, பழையதை விலக்காமலே இதனையும் ஏற்றுக்கொண்டது.