உங்களுக்குத் தெரியுமா? 12 வாரத்தில் குணமாகும் ஹெபடைடிஸ் சி

ஹெபடைடிஸ் சி வைரஸ் இரத்தத்தின் வழியே பரவி, பெரும்பாலும் மஞ்சள் காமாலைகூடக் காட்டாமல் பல ஆண்டுகள் கல்லீரலைச் சிதைக்கிறது. பண்பொழி, தென்காசிப் பக்கம் காமாலைக்குத் தேடும் கீழாநெல்லி இதைக் குணப்படுத்தாது. முன்பு ஓராண்டு வரை இன்டர்ஃபெரான் ஊசி போட்டும் ஏறக்குறைய பாதிப் பேருக்கே குணமானது. காய்ச்சலும் சோர்வும் வேறு வாட்டின. 2013 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற சோஃபோஸ்புவிர், வைரஸ் தன்னைப் படியெடுக்க உதவும் நொதியையே முடக்குகிறது. துணை மருந்துடன் பொதுவாக 12 வாரம் சாப்பிட்டால் 95 சதவீதம் பேர் வரை குணமடைகின்றனர். அங்கே அன்று ஒரு மாத்திரை 1,000 டாலர்! 2014இல் இந்திய நிறுவனங்களுக்கு உற்பத்தி உரிமம் கிடைத்தபின் இங்கே விலை பெரிதும் சரிந்தது. 2018 ஜூலை 28இல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் சிகிச்சை மையங்களில் பரிசோதனையும் மாத்திரையும் இலவசம்.