இருபது நிமிடம் டி.வி.யில், மீதி நாள் டிரங்குப் பெட்டியில்

ஆகஸ்ட் 19 நெருங்கினால் செய்தி சேனல்களுக்கு மாவட்டப் புகைப்படக்காரர்களின் ஞாபகம் வந்துவிடும். உலகப் புகைப்பட தினச் சிறப்பு நிகழ்ச்சி. நாலைந்து பேரை அரங்கில் உட்கார வைப்பார்கள். அவர்கள் எடுத்த படங்கள் பின்னால் பெரிய திரையில் ஒவ்வொன்றாக வரும். கும்பகோணம் பள்ளித் தீ, சுனாமி, ஜல்லிக்கட்டுப் போராட்டத்தின்போது மெரினாவில் ஆயிரமாயிரம் செல்போன் வெளிச்சம், கஜா புயல் சாய்த்த தென்னந்தோப்பு. புல்லாங்குழல் ஒலிக்க, படம் மெல்லப் பெரிதாகும். சுனாமி நாளான டிசம்பர் 26 வந்தால் இன்னொரு சுற்று.

எனக்கு இந்த நிகழ்ச்சிகள் பிடிக்கும். மந்திரியின் காருக்கு முன்னால் பின்னோக்கி ஓடுகிறவர், இடுப்பளவு வெள்ளத்தில் கேமராவைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நடக்கிறவர், கலவரத்தில் இரண்டு தரப்பிடமும் கல்லடி வாங்குகிறவர் ஆகியோரின் முகத்தை ஊர் பார்ப்பது அந்த இருபது நிமிடத்தில்தான். பல பத்திரிகைகளில் படத்துக்குக் கீழே இவர்கள் பெயர் வராது. படத்துக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு, கல்யாண ஆர்டரில் குடும்பத்தை ஓட்டியபடி முப்பது வருடம் உழைத்தவர்கள். திரையில் அப்பாவைப் பார்த்து மகள் கண் கலங்குவதைக் காட்டும்போது எனக்கும் தொண்டை அடைத்தது.

ஆனால் அந்தப் படங்களை உற்றுப் பார்த்ததிலிருந்து மனசு சரியில்லை. சுனாமிப் படம் ஒன்றில் வானம் முழுக்கப் புள்ளி புள்ளியாக இருந்தது. அது அச்சுப் புள்ளி. பத்திரிகையில் வந்த பக்கத்தைச் செல்போனில் படம் பிடித்து அனுப்பியிருக்கிறார்கள் என்று அர்த்தம். ஓரத்தில் பக்கத்து விளம்பரத்தின் கோடுகூடத் தெரிந்தது. படம் எடுத்தவரோ எதிரில் உட்கார்ந்திருக்கிறார். அப்படியென்றால் மூலப்படம் எங்கே?

நிகழ்ச்சி தயாராகும் விதத்தை விசாரித்தால் பதில் கிடைத்துவிடுகிறது. முந்தின நாள் மாலை போன் வரும். “அண்ணே, உங்க பெஸ்ட் படம் ஒரு பத்து வாட்ஸ்அப்ல தட்டி விடுங்க, நைட்டு எடிட்டிங் இருக்கு.” அண்ணன் பரணில் ஏறி, கைக்குக் கிடைத்த பிரிண்டையோ ஒட்டி வைத்திருந்த பேப்பர் கட்டிங்கையோ படமெடுத்து அனுப்புகிறார். வாட்ஸ்அப்பில் சாதாரணமாகப் போடும் படம் சுருங்கித்தான் போய்ச் சேரும். எடுத்த தேதி, இடம், எடுத்தவர் பெயர் என்று கோப்போடு ஒட்டியிருந்த தகவல்களும் வழியிலேயே கழன்றுவிடும். செங்குத்துப் படமாக இருந்தால் டி.வி.யின் அகலத்துக்காகத் தலையும் காலும் போய்விடும். இத்தனையும் தாண்டி வந்ததைத்தான் ‘அரிய புகைப்படம்’ என்று நமக்குக் காட்டுகிறார்கள்.

நாகை பக்கம் இப்படியொரு நிகழ்ச்சியில் பேசிய மூத்த புகைப்படக்காரர் ஒருவரைப் பார்க்கப் போயிருந்தேன். அங்கே போர்த்திய விருதுச் சால்வையைப் பற்றிப் பேச அவருக்கு ஆர்வமில்லை. “பொட்டியப் பாக்கணுமா? தொறந்தா வீட்ல திட்டுவாங்க தம்பி, நாத்தம்” என்றபடி கட்டிலுக்கு அடியிலிருந்து டிரங்குப் பெட்டியை இழுத்தார். மூடியைத் தூக்கியதும் பழைய ஊறுகாய் ஜாடியைத் திறந்த மாதிரி ஒரு புளிப்பு நெடி. பாலிதீன் உறைகளில் ஆறு ஆறு பிரேமாக வெட்டிப் போட்ட நெகட்டிவ்கள். உறையின் மேல் பால்பாயின்ட் பேனாவில் ‘வேளாங்கண்ணி 26/12’, ‘அக்கரைப்பேட்டை, மறுநாள்’ என்று எழுதியிருந்தது. ஒன்றை உருவிப் பார்த்தோம். நடு பிரேமில் வெண்பூஞ்சை நூல் நூலாகப் படர்ந்திருந்தது. இன்னொரு உறையில் இரண்டு துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டுவிட்டன. பிரித்தால் படலம் உரிந்து வரும் என்று அவர் பிரிக்கவில்லை. பெட்டியின் அடியில் அவருடைய குரு எடுத்த கறுப்பு வெள்ளைச் சுருள்கள். 1977 நவம்பர் புயல் நாகையைப் புரட்டிப்போட்டபோது எடுத்தவை. அவை ஓலைபோல வளைந்து, வெளிச்சத்தில் பிடித்தால் அலை அலையாகச் சுருக்கம் விழுந்திருந்தன.

அந்தப் புளிப்பு நெடி பிலிமின் மரண வாக்குமூலம். அசிட்டேட் என்ற பொருளால் ஆன பிலிமில் வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் அசிட்டிக் அமிலம் கசியும். சமையலுக்கு வாங்கும் வினிகரில் இருப்பதும் அதுதான். கசிந்த அமிலம் சிதைவை இன்னும் வேகப்படுத்தும், பக்கத்தில் இருக்கும் நல்ல பிலிமையும் தொற்றும். காற்றுப் போகாத பாலிதீன் உறையும் மூடிய தகரப் பெட்டியும் இதற்குத் தோதான இடங்கள். குளிர்ந்த, உலர்ந்த அறையில் பல பத்தாண்டுகள் கெடாமல் இருக்கக்கூடிய பிலிம், கடலோரப் புழுக்கத்தில் ஒரு தலைமுறைகூடத் தாங்குவதில்லை. தொடங்கிவிட்ட சிதைவைத் திருப்பவும் முடியாது. வேகத்தைக் குறைக்கலாம், அதற்குள் ஸ்கேன் செய்து காப்பாற்றலாம், அவ்வளவுதான்.

பெட்டிக்குள் வந்து சேர்ந்தவற்றுக்கே இந்தக் கதி என்றால், வராதவை எத்தனை! அந்தக் காலத்தில் அவசரம் என்றால் ரோலைக் கழுவாமலேயே கவரில் போட்டு, திருச்சி போகும் பஸ்ஸில் டிரைவரிடம் கொடுத்து அனுப்புவார்கள். போன ரோல் திரும்பி வராது. அலுவலகம் இடம் மாறும்போது மூட்டை கட்டிப் போட்டார்களா, எடைக்குப் போட்டார்களா என்று கேட்க இவர்களுக்கு எந்த அதிகாரமும் இல்லை.

டிஜிட்டல் வந்ததும் தப்பித்தோம் என்று நினைத்தால் அது இன்னும் மோசம். மெமரி கார்டு விலை அதிகமாக இருந்த நாட்களில் அன்றைய படத்தை அனுப்பிவிட்டு அன்றே அழித்தார்கள். சி.டி.யில் எழுதி வைத்தது இப்போது படிக்க மறுக்கிறது. ஹார்ட் டிஸ்க் ஒருநாள் ‘டிக் டிக்’ என்று சத்தம் போட்டு அடங்கிவிடுகிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் தரைத்தளத்து வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தபோது கம்ப்யூட்டரும் ஆல்பமும் சேர்ந்தே நனைந்தன. நெகட்டிவாவது முழுக்கக் கெட்டுப்போவதற்கு முன் நாற்றம் அடித்து எச்சரிக்கிறது.

சுனாமிக்குப் பிறகு கடலூரில் மண்ணில் கவிழ்ந்து அழும் ஒரு பெண்ணின் படத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். 2004ஆம் ஆண்டின் சிறந்த உலகப் பத்திரிகைப் புகைப்படமாகத் தேர்வானது அது. எடுத்தவர் ஒரு சர்வதேசச் செய்தி நிறுவனத்துக்காக எடுத்தார். அதனால் அது எண்ணிடப்பட்டு, விவரக் குறிப்போடு, தேடினால் கிடைக்கிற இடத்தில் பத்திரமாக இருக்கிறது. அதே வாரம் அதே கரையில் உள்ளூர்க்காரர்கள் எடுத்த படங்கள்? நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் மாண்டார்கள். எந்தக் குப்பத்தில் எந்த வீடு போனது, யார் யாரைத் தூக்கினார்கள், எந்தக் கோயில் வாசலில் சோறு போட்டார்கள் என்பதையெல்லாம் பெயர் சொல்லிக் காட்டக்கூடியவர்கள் உள்ளூர்ப் புகைப்படக்காரர்களே. அந்தச் சாட்சியம்தான் கட்டிலுக்கு அடியில் புளித்துக்கொண்டிருக்கிறது.

சேனல்காரர்கள் தரப்பிலும் ஒரு நியாயம் சொல்கிறார்கள்: “நாங்க காட்டலைன்னா இவங்கள யாருக்குமே தெரியாது சார்.” உண்மைதான். ஆனால் காட்டுவதோடு கடமை தீர்ந்துவிட்டதாக என்னால் ஏற்க முடியவில்லை.

சட்டமும் புகைப்படக்காரர் பக்கம்தான் நிற்கிறது. 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவின்படி, பத்திரிகையில் சம்பளத்துக்கு வேலை பார்த்தவர் எடுத்த படமாகவே இருந்தாலும், வேறு ஒப்பந்தம் இல்லாதபட்சத்தில் பத்திரிகையில் வெளியிடும் உரிமை மட்டும்தான் முதலாளிக்கு. மற்ற உரிமைகளெல்லாம் எடுத்தவருக்கே. அவை அவருடைய வாழ்நாள் முழுவதும், அவர் மறைந்த ஆண்டுக்குப் பிறகு அறுபது ஆண்டுகளும் நீடிக்கும். தன் பெயரைப் போடச் சொல்லும் உரிமையை 57ஆவது பிரிவு தனியாகக் கொடுத்திருக்கிறது. நான் பேசிய புகைப்படக்காரர்களில் பலருக்கு இது தெரியவில்லை. சேனல் கேட்டதே பெரிய கௌரவம் என்று இலவசமாக அனுப்பிவிடுகிறார்கள்.

அந்த உரிமையைப் பணமாகக் கேட்க வேண்டாம், ஸ்கேனாகக் கேளுங்கள் என்பேன். பேட்டி எடுக்க இரண்டு கேமரா, லைட், மைக் என்று ஒரு வேன் நிறையக் கொண்டுவருகிறார்கள். அதோடு பிலிம் ஸ்கேனர் ஒன்றும் வரட்டும். பத்துப் படத்தோடு நிறுத்தாமல் பெட்டி முழுவதையும் ஸ்கேன் செய்து, ஒரு பிரதியை ஹார்ட் டிஸ்க்கில் அவருக்குக் கொடுக்கட்டும், இன்னொன்றை மாவட்ட நூலகத்தில் வைக்கட்டும். ஒவ்வொரு படத்தையும் காட்டி இது யார், எந்த ஊர் என்று அவரையே சொல்லவைத்து ஒலிப்பதிவு செய்ய, பக்கத்துக் கல்லூரியின் விஸ்காம் மாணவர்கள் போதும். முடியாத காரியம் ஒன்றுமில்லை. புதுச்சேரியில் ஓர் ஆய்வு நிறுவனம் கோயில் சிற்பங்களின் படங்களை லட்சத்துக்கு மேல் சேர்த்து வைத்திருக்கிறது, பழைய ஸ்டுடியோப் படங்களையும் தேடிப்போய் மின்வடிவில் பாதுகாத்திருக்கிறது. கல்லுக்குச் செய்ததை மனுஷனுக்கும் செய்யலாம்.

அதுவரை, பெட்டி வைத்திருப்பவர்கள் பாலிதீன் உறையை மாற்றிக் காகித உறையில் போடுங்கள். நெடி அடிக்கும் பிலிமைத் தனியாகப் பிரித்து வையுங்கள். உறையில் எழுதியதை ஒரு நோட்டிலும் எழுதுங்கள். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிடும். ஆகஸ்டில் சால்வையோடு வரும் குழு, அதற்குள் இன்னொரு முறை ஸ்கேனரோடு வர வேண்டும். அடுத்த டிசம்பர் 26 நிகழ்ச்சிக்கு அந்த நெகட்டிவ்கள்தான் வேண்டும்.