வீட்டுக்கு ஒரு வைஃபை... எல்லோருக்கும் ஒரு பிரின்டர்! பாதுகாப்பாகப் பகிர்வது எப்படி?

புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னை நோக்கிப் போனால், கோட்டக்குப்பம், சின்ன முதலியார்சாவடியை அடுத்து வருகிறது பெரிய முதலியார்சாவடி. ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் ஆரோவில்லுக்குப் பிரியும் பாதை. சுற்றுலாப் பயணிகளுக்கு அறை வாடகைக்கு விடும் வீடுகள் இங்கே உண்டு. வந்து இறங்குபவர்கள் குடிக்கத் தண்ணீர் கேட்கிறார்களோ இல்லையோ, வைஃபை பாஸ்வேர்டு கேட்பார்கள்.

விருந்தினர் வராத வீடுகளிலும் தேவை குறைவில்லை. மகளுக்கு ஹால் டிக்கெட், அப்பாவுக்கு பட்டா நகல், பாட்டிக்கு ஆதார் பிரதி என்று மாதம் நாலு முறையாவது ஜெராக்ஸ் கடைக்கு ஓட வேண்டியிருக்கிறது. ஒரே இணைய இணைப்பு, ஒரே பிரின்டர் இரண்டையும் வீடு முழுக்கப் பகிர்ந்துகொண்டால் அலைச்சலும் செலவும் மிச்சம். ஆனால், பகிர்வது வேறு. கதவைத் திறந்துபோடுவது வேறு.

பகிர்வு இந்தக் கரைக்குப் புதிதல்ல

வீட்டுக்கு வீடு வைஃபை வருவதற்கு முன்பே, இணையத்தைக் கம்பியில்லாமல் பகிர்ந்த வட்டாரம் இது. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-ல் புதுச்சேரி கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. வில்லியனூரில் இருந்த மையம் தகவல்களைத் திரட்டி, தொலைபேசி வழியாகவும் ரேடியோ கருவிகள் வழியாகவும் மற்ற கிராமங்களுக்கு அனுப்பியது. அலையின் உயரம் பற்றிய முன்னறிவிப்பு வீராம்பட்டினம் மீனவர்களுக்கு ஒலிபெருக்கியில் அறிவிக்கப்பட்டது.

2004 டிசம்பர் 26 அன்று, சிங்கப்பூரில் வேலை பார்த்த நல்லவாடு இளைஞர் ஒருவர் சுனாமி செய்தி அறிந்து ஊருக்கு போன் செய்தார். தகவல் மையத்தின் ஒலிபெருக்கியில் எச்சரிக்கை போனது. மக்கள் வெளியேறி உயிர் தப்பினார்கள். ஒருவருக்குக் கிடைத்த தகவல் எல்லோருக்கும் போய்ச் சேர்ந்ததன் பலன் அது.

பூட்டாத வைஃபை என்ன செய்யும்?

2008 ஜூலை 26 அன்று அகமதாபாத்தில் தொடர் குண்டுவெடிப்பு நடந்தது. அதற்குச் சில நிமிடங்கள் முன்பு ஊடகங்களுக்கு மிரட்டல் மின்னஞ்சல் ஒன்று வந்தது. அதன் ஐ.பி. முகவரியைத் தேடிப்போன போலீஸார் சென்று நின்றது, நவி மும்பையில் அமெரிக்கர் ஒருவர் குடியிருந்த வீட்டு வாசலில். அவருடைய வைஃபை பாதுகாப்பில்லாமல் இருந்தது. வேறு யாரோ அதைப் பயன்படுத்தியிருந்தார்கள்.

இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ, முதல் விசாரணை அவரிடம்தான். வாரம் ஒரு புதுமுகம் வந்து தங்கும் வீட்டுக்காரர்கள் இதை மறக்கவே கூடாது.

ரவுட்டரை எங்கே வைப்பது?

ஃபைபர் இணைப்போடு தரப்படும் பெட்டியிலேயே பெரும்பாலும் வைஃபை வசதி இருக்கும். தனி ரவுட்டர் வாங்கும் முன் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

* வீட்டின் நடுவில், தலைக்கு மேல் உயரத்தில் வையுங்கள். இரும்பு பீரோ, ஃப்ரிட்ஜ், மீன் தொட்டி, மைக்ரோவேவ் அடுப்பு பக்கத்தில் வேண்டாம். கான்கிரீட் சுவரும் தகரக் கூரையும் சிக்னலைக் குறைக்கும்.
* உப்புக் காற்று உலோகத்தை அரிக்கும். கடலைப் பார்த்த ஜன்னலோரம் கூடாது.
* 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை தூரம் போகும். 5 கிகாஹெர்ட்ஸ் வேகம் தரும். பின்கட்டு வரை சிக்னல் வேண்டுமென்றால் முதலாவது. ரவுட்டர் இருக்கும் அறையில் வீடியோ பார்க்க இரண்டாவது.

பூட்டு போடுங்கள்

ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் ஒரு முகவரி இருக்கும் (பல ரவுட்டர்களில் 192.168.1.1). வைஃபையில் இணைந்தபடி அதை பிரவுசரில் தட்டினால் செட்டிங்ஸ் பக்கம் திறக்கும். அங்கே செய்ய வேண்டியவை:

* கம்பெனி கொடுத்த அட்மின் பாஸ்வேர்டை முதலில் மாற்றுங்கள். இதுவும் வைஃபை பாஸ்வேர்டும் வேறு வேறு.
* பாதுகாப்பு முறையில் டபிள்யூ.பி.ஏ.3 இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள்; இல்லையென்றால் டபிள்யூ.பி.ஏ.2.
* வைஃபை பாஸ்வேர்டு 12 எழுத்துகளுக்குக் குறையாமல் இருக்கட்டும். போன் நம்பர், பிறந்த தேதி வேண்டாம்.
* விருந்தினருக்கு 'கெஸ்ட் நெட்வொர்க்' தனியாகத் திறந்துவிடுங்கள். அவர்களுக்கு இணையம் கிடைக்கும். உங்கள் கம்ப்யூட்டரும் பிரின்டரும் கண்ணில் படாது. ஆள் மாறும்போது அந்த பாஸ்வேர்டை மட்டும் மாற்றினால் போதும்.

பிரின்டரைச் சேர்ப்பது

வைஃபை பிரின்டர் என்றால், அதன் செட்டிங்ஸில் வீட்டு நெட்வொர்க்கைத் தேர்ந்தெடுத்து பாஸ்வேர்டு கொடுங்கள். விலை குறைந்த பிரின்டர்கள் பல 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டுமே இயங்கும். 'நெட்வொர்க்கே தெரியவில்லை' என்றால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். இணைந்துவிட்டால், அதே வைஃபையில் இருக்கும் போன்களிலிருந்தும் 'பிரின்ட்' கொடுக்கலாம்.

பழைய யு.எஸ்.பி. பிரின்டரைத் தூக்கிப் போட வேண்டாம். ஒரு கம்ப்யூட்டரில் இணைத்து, விண்டோஸில் 'பிரின்டர் ஷேரிங்' கொடுத்தால் வீட்டிலுள்ள மற்ற கம்ப்யூட்டர்களும் பயன்படுத்தலாம். ஆனால், அந்தக் கம்ப்யூட்டர் ஆன் செய்யப்பட்டிருக்க வேண்டும்.

பிரின்டர் அடிக்கடி 'ஆஃப்லைன்' என்று காட்டினால், அதன் ஐ.பி. முகவரி மாறியிருக்கலாம். ரவுட்டர் செட்டிங்ஸில் அதற்கு ஒரே முகவரியை நிரந்தரமாக ஒதுக்குங்கள். இங்க்ஜெட் பிரின்டரில் வாரம் ஒரு கலர் பக்கமாவது எடுங்கள். இல்லையென்றால் மை காய்ந்து அடைத்துக்கொள்ளும்.

கரன்ட் போனால்?

2011-ல் தானே, 2024-ல் ஃபெஞ்சல் என்று புயல்கள் கரையேறிய பகுதி இது. ஃபைபர் அறுபடாமல் இருந்தாலும், கரன்ட் போனால் வீட்டில் வைஃபை இல்லை. ரவுட்டருக்கென்றே சின்ன யு.பி.எஸ். கடைகளில் கிடைக்கிறது. ரவுட்டர் அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட், ஆம்பியரைப் பார்த்துப் பொருத்தமானதை வாங்குங்கள். இடி மின்னலின்போது மட்டும் பிளக்கைப் பிடுங்கிவிடுவது நல்லது.

இன்றிரவே ரவுட்டரின் அட்மின் பாஸ்வேர்டை மாற்றிவிடுங்கள். அதை வீட்டில் இன்னொருவருக்கும் சொல்லிவையுங்கள். நீங்கள் ஊரில் இல்லாத நாளில் வைஃபை மக்கர் செய்தால், அவர் சமாளித்துக்கொள்வார்.