நீருக்குக் கீழே ஒரு நாடு – 6: தொழிற்சாலைக்கு ஒதுக்கிய சேறு

சென்ற வாரம் நெதர்லாந்தில் 1932-இல் கட்டி முடித்த பெரிய அணையோடு நிறுத்தியிருந்தோம். 32 கிலோமீட்டர் நீளமுள்ள அந்த அணை கடலின் வாயை அடைக்க, உள்ளே சிக்கிய உப்புநீர் மெல்ல நன்னீர் ஏரியானது. பிறகு ஏரிக்குள்ளேயே கரை கட்டி, நீரை இறைத்து, துண்டு துண்டாக நிலம் எடுத்தார்கள். போல்டர் எனப்படும் அந்த நிலத்துண்டுகளில் கடைசியாக, 1968-இல் தலைகாட்டியது தெற்கு ஃப்ளேவோலாண்ட்.

புதுச்சேறு இறுகுவதற்காக விமானத்திலிருந்து நாணல் விதை தூவினார்கள். அது வளர்ந்து ஈரத்தை உறிஞ்சும். அதன்பின் வயல், சாலை, ஊர். லேலிஸ்டாடுக்கும் அல்மேரேவுக்கும் நடுவே இருந்த தாழ்வான பகுதியைத் தொழிற்சாலைகளுக்கு ஒதுக்கினார்கள். தொழிற்சாலைகள் வரவில்லை. சாம்பல் வாத்துகள் வந்தன.

இந்த வாத்துக்கு ஆண்டுக்கொருமுறை சிறகின் பெரிய இறகுகள் மொத்தமாக உதிரும். புதிதாக முளைக்கும்வரை சில வாரங்கள் பறக்க முடியாது. நரி எட்டாத இடமும் இரையும் ஒருசேரக் கிடைக்க வேண்டும். நாணல் சூழ்ந்த நீரில் இரண்டுமே இருந்தன. பல்லாயிரக்கணக்கில் வந்து நாணலைத் தின்றே தீர்த்தன. விட்டிருந்தால் நாணலும் வில்லோ மரமும் மூடியிருக்கக்கூடிய சதுப்பில், இந்த மேய்ச்சலால் திறந்த நீர் நிலைத்தது. ஊஸ்ட்வார்டர்ஸ்பிளாஸன் என்ற பெயரில் இன்று சுமார் 56 சதுர கிலோமீட்டர் பரந்திருக்கும் காப்பிடம் இதுதான். அதன் ஊடே போவதாக இருந்த ரயில் பாதையையே வளைத்துப் போட்டார்கள்.

வாத்து செய்யும் வேலையைப் பெரிய விலங்குகள் கரையிலும் செய்யுமே என்று கேட்டவர் சூழலியலாளர் ஃபிரான்ஸ் வேரா. 1983-இல் ஹெக் மாடுகள், மறு ஆண்டு கோனிக் குதிரைகள், 1992-இல் செம்மான்கள் வந்தன. மனிதர் தலையிடக் கூடாது என்பது கொள்கை. 2006-இல் வெண்வால் கடற்கழுகு இங்கே கூடு கட்டியபோது அந்தக் கொள்கைக்குக் கைதட்டல் கிடைத்தது. அந்தக் கழுகு நெதர்லாந்தில் கூடு கட்டியதாக அதற்கு முன் பதிவே இல்லை.

ஆனால் சுற்றிலும் வேலி. உள்ளே ஓநாய் இல்லை. மந்தை பெருகியது. தென்கிழக்கே வேலூவே காடுகளுக்கு ஒரு வழித்தடம் அமைக்கும் திட்டம் இருந்தது. அரசு அதைக் கைவிட்டது. 2017–18 குளிர்காலத்தில் 3,000-க்கும் மேற்பட்ட விலங்குகள் மாண்டன. பட்டினியில் சாகுமுன் காவலர்கள் சுட்டுக் கொன்றவையே அவற்றில் பெரும்பாலானவை. ஜனங்கள் வேலிக்கு மேலாக வைக்கோலை வீசினார்கள். அவர்களை வெறும் உணர்ச்சிவசப்பட்டவர்கள் என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. போகும் வழியை அடைத்துவிட்டு, நடப்பதெல்லாம் இயற்கை என்று சொல்வது எப்படிச் சரியாகும்? வேலி போட்டதே தலையீடுதானே!

2018-இல் மாகாண அரசு கொள்கையை மாற்றியது. மந்தைக்கு உச்சவரம்பு வந்தது. குதிரைகள் பலவற்றை வேறு இடங்களுக்கு அனுப்பினார்கள். சதுப்பின் நீர்மட்டத்தையும் வேண்டுமென்றே இறக்கத் தொடங்கினார்கள். வாத்துகள் மேய்ந்து மேய்ந்து நாணல் குறைந்துபோயிருந்தது. அது மீண்டும் முளைக்கச் சேறு சில காலம் காய்ந்தாக வேண்டும்.

(தொடரும்)