புற்றுநோய் மருந்தும் பிள்ளைச் செல்வமும்

இருபது, இருபத்தைந்து வயதுடைய வாலிபன் ஒருவனுக்குப் புற்றுநோய் என்று வைத்தியர் கூறிவிட்டால், அவன் வீட்டார் நெஞ்சில் எழுவது ஒரே கேள்விதான்: பிள்ளை பிழைப்பானா? வேறெதையும் எண்ண அப்போது மனம் இடந்தராது. ஆனால் வாலிபரைத் தாக்கும் புற்றுநோய்கள் சில இந்நாளில் பெரும்பாலும் குணமாகின்றன. விரையில் தோன்றும் புற்றுநோயும், நிணநீர்க் கணுக்களைப் பற்றும் ஹொட்ஜ்கின் நோயும் அத்தகையவை. நோயாளி பிழைத்தெழுந்து, விவாகமும் செய்து, ஈராண்டு கழிந்தபின், 'எமக்கு ஏன் இன்னும் பிள்ளையில்லை?' என்று கேட்கும்போதுதான் மருந்தின் மற்றொரு விளைவு தெரியவருகின்றது. அவ்வேளையில் செய்யத்தக்கது சொற்பம். முதல் ஊசி ஏற்றுமுன் செய்யத்தக்கதோ மிகுதி. இதனைக் குடும்பத்தவர் வெட்கத்தை ஒருபுறம் வைத்துவிட்டு அறிந்துகொள்ளுதல் நன்று.

இம்மருந்துகளின் பிறப்பு போர்க்களத்தோடு தொடர்புடையது. 1917-ம் ஆண்டில் பெல்ஜியத்தின் ஈப்பர் போர்முனையில் பிரயோகிக்கப்பட்ட கடுகு வாயு, அதற்கு இலக்கானோரின் வெண்குருதிக் கலங்களை அழித்துவிடுவது பின்னர் அறியப்பட்டது. அவ்வாயுவின் இனமாகிய நைதரசன் கடுகை 1942-ல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் லூயி குட்மன், அல்பிரட் கில்மன் என்னும் இருவர் நிணநீர்ப் புற்று நோயாளி ஒருவருக்குக் கொடுக்கச் செய்தனர். கட்டிகள் கரைந்தன. சிறிது காலத்தில் மீண்டும் தோன்றின என்பது உண்மையே. எனினும் வழி திறந்துவிட்டது. இன்று வழங்கும் சைக்கிளோபொஸ்பமைட் அதன் வழித்தோன்றல்.

இம்மருந்துகள் பல, விரைவாகப் பிரிந்து பெருகும் கலங்களையே மிகுதியும் தாக்குவன. நண்பனென்றும் பகைவனென்றும் அவை பிரித்தறியா. தலைமயிர் உதிர்வதும் வாய் புண்ணாவதும் இதனாலேயே. ஆண்மகனுடலில் பருவமெய்திய நாள் தொட்டு ஓயாது நடைபெறும் வேலை விந்தணு உற்பத்தி. ஓரணு உருவாகி முற்ற ஏறக்குறைய 74 நாட்கள் செல்லும். அதற்கு மூலமாகிய தாய்க் கலங்கள் அழிந்துவிட்டால் ஊற்று வற்றிவிடும். ஆனால் ஆண்மைச் சுரப்பை உண்டாக்கும் லெய்டிக் கலங்கள் அவ்வளவு வேகமாய்ப் பிரிவதில்லை. எனவே அவை பெரும்பாலும் தப்பிவிடுகின்றன. மீசையும் குரலும் இச்சையும் முன்போலவே இருக்கும். ஆகையால் நோயாளி தானாக ஒன்றையும் உணரான்.

மருந்து நேரே வந்து தாக்குவது ஒருபுறமிருக்க, ஒட்சிசன் வழியாகவும் கேடு விளைகின்றது. நாட்பட்ட எண்ணெய் காறிப்போவதை நாம் வீட்டிலே காண்கிறோம். விந்தணுவின் மேற்சவ்வும் எளிதில் காறக்கூடிய கொழுப்புகளால் ஆனது. மற்றக் கலங்களில் அதனைத் தடுக்கும் நொதியங்கள் போதிய அளவில் உண்டு. விந்தணுவோ பயணத்துக்காகத் தன் பாரத்தையெல்லாம் இறக்கிவைத்துவிட்ட கலம். தற்காப்புக்கு அதனிடம் எஞ்சியிருப்பது அற்பம். ஒட்சிசன் மிகுந்தால் விந்தணு தன் அசைவை இழப்பதை 1943-லேயே ஜோன் மக்லியோட் என்னும் ஆராய்ச்சியாளர் எடுத்துக்காட்டினார்.

இங்கேதான் தாவரங்கள் வருகின்றன. பகல் முழுவதும் வெயிலில் நின்று ஒட்சிசனை உண்டாக்கும் இலை, அதே ஒட்சிசனால் தான் கெடாதபடி காத்துக்கொள்ள வேண்டாமா? அதற்கென ஒட்சியேற்றத்தைத் தடுக்கும் பொருள்கள் பலவற்றைத் தாவரங்கள் ஆக்கிவைத்துள்ளன. தக்காளிக்கும் வத்தகைப்பழத்துக்கும் செந்நிறம் தரும் லைகோபீன், மஞ்சளிலுள்ள குர்க்குமின், வெங்காயத்திலுள்ள குவெர்செற்றின், நெல்லிக்கனியின் விற்றமின் சி யாவும் இவ்வினத்தவை. இவற்றைப் புற்றுநோய் மருந்தோடு சேர்த்துக் கொடுத்தால் விரையைக் காக்கலாமோ என்று ஆராய்ச்சியாளர் பலர் முனைந்தனர். 2006-ல் துருக்கி நாட்டு ஆராய்ச்சியாளர்கள் எலிகளுக்கு லைகோபீன் ஊட்டி, மருந்தால் விந்தணுக்களுக்கு நேரும் கேடு குறைவதைக் கண்டனர். எகிப்து, ஈரான், இந்தியா முதலிய நாடுகளிலிருந்தும் இவ்விதமான முடிவுகள் வந்துள்ளன.

நிற்க. இச்செய்தியைப் படித்தவுடன் கடையிலே குளிகை வாங்க ஓடுவோர், ஒன்றைக் கவனித்தல் வேண்டும். இத்தகைய சோதனைகளிற் பெரும்பாலானவற்றில் அந்த எலிகளுக்குப் புற்றுநோயே இல்லை! சுகதேகியான எலிக்கு மருந்தின் கேட்டைத் தடுப்பது நன்மையே. புற்றுநோயாளியிடத்திலோ, அந்தக் கேடுதான் கட்டியையும் கொல்லும் ஆயுதம். விரையைக் காக்கும் பொருள் கட்டியையும் சேர்த்துக் காத்துவிடாதா என்ற வினாவுக்கு நோயற்ற எலி எவ்வாறு விடை சொல்லும்?

இது வீண் அச்சமன்று. தேயிலையில், சிறப்பாகப் பச்சைத் தேயிலையில், மிகுந்துள்ள ஒட்சியேற்றத் தடைப்பொருளொன்று, என்பு மச்சைப் புற்றுநோய்க்குக் கொடுக்கப்படும் போர்ட்டெசோமிப் என்ற மருந்தோடு நேரே பிணைந்து அதன் வலிமையைக் கெடுப்பதை 2009-ல் தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தார் பரிசோதனையிற் கண்டனர். பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆடவர் 29,133 பேரிடம் நடந்து 1994-ல் வெளிவந்த பெரும் ஆராய்ச்சியில், பீட்டா கரோட்டீன் குளிகை உண்டவர்களுக்குச் சுவாசப்பைப் புற்றுநோய் குறைவதற்குப் பதிலாக 18 சதவீதம் கூடியிருந்தது. பிள்ளைப்பேற்றுக்கான குளிகைகளின் கதையும் ஊக்கமளிப்பதன்று. அமெரிக்காவில் மகப்பேற்றுச் சிகிச்சை நாடிய தம்பதிகளிடையே 2,370 ஆடவருக்கு நாகமும் போலிக் அமிலமும், அல்லது வெறுங்குளிகையும் கொடுத்து ஒப்பிட்டனர். 2020-ல் முடிவு வந்தது: பிறந்த குழந்தைகளின் தொகையில் வேறுபாடில்லை. இவர்கள் புற்றுநோயாளரல்லர் என்பது மெய். ஆயினும் விளம்பரக்காரர் வாக்குக்கு இது நல்ல பதில்.

தக்காளிச் சம்பலையும் மஞ்சளிட்ட கறியையும் விலக்கவேண்டுமென்று நான் சொல்லவில்லை. உணவு வேறு, அதன் சத்தைப் பிழிந்து நூறுமடங்காகச் செறித்த குளிகை வேறு. எந்தக் குளிகையையும், நாட்டுமருந்து உட்பட, சிகிச்சை செய்யும் வைத்தியரிடம் மறைக்கலாகாது.

உண்மையான பாதுகாப்பு வேறு இரு வழிகளால் வந்தது. ஹொட்ஜ்கின் நோய்க்கு அமெரிக்கர் 1960-களில் வகுத்த நான்மருந்துக் கூட்டு பலரைப் பிழைக்க வைத்தது; ஆனால் உண்ட ஆடவரிற் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் விந்தணு அற்றுப்போயினர். 1970-களில் இத்தாலியின் மிலான் நகரத்து டாக்டர் ஜானி பொனதொன்னா வேறொரு கூட்டை அமைத்தார். நோய் குணமாயிற்று, பெரும்பாலானோருக்கு விந்தணுவும் மீண்டது. அக்கூட்டின் நான்கில் ஒன்றாகிய வின்பிளாஸ்ரின், நம் முற்றங்களில் தானாக முளைக்கும் பட்டிப்பூச் செடியிலிருந்து 1958-ல் கனடாவில் பிரித்தெடுக்கப்பட்டது. தாவரம் இங்கே காவலனாக அன்றி, கொல்லும் படையாகவே வந்து உதவியது!

மற்றவழி விந்தை உறையவைத்தல். 1949-ல் இங்கிலாந்தில் கிறிஸ்ரோபர் போல்ஜ் பழச்சர்க்கரைக் கரைசல் என்று எண்ணி எடுத்த போத்தலில் கிளிசரின் இருக்கப்போய், உறைந்த சேவல் விந்து உயிரோடு மீண்டது. 1953-ல் அமெரிக்காவின் அயோவாவில் உறைந்த மனித விந்தினால் கருத்தரித்தல் சாதிக்கப்பட்டது. பூச்சியத்துக்குக் கீழ் 196 பாகை குளிருடைய திரவ நைதரசனில் அது பல்லாண்டு கெடாதிருக்கும். 1992 முதல் ஒரேயொரு விந்தணுவை முட்டைக்குள் செலுத்திக் கருவாக்கும் முறையும் வந்துவிட்டதால், சிறிதளவு சேமிப்பும் போதும். சைக்கிளோட்ட வீரர் லான்ஸ் ஆம்ஸ்ட்ரோங் 1996-ல் விரைப் புற்றுநோய்ச் சிகிச்சைக்கு முன் விந்தைச் சேமித்தார். அவருடைய முதல் மூன்று குழந்தைகள் அதனாற் பிறந்தவர்கள். பந்தயத்தில் அவர் செய்த மோசடி வேறு கதை.

இதற்கு வேண்டியது சில நாட்களே. ஆயினும் அந்தச் சில நாட்கள் முதல் ஊசிக்கு முன்னதாக இருத்தல் வேண்டும்; சிகிச்சை தொடங்கியபின் சேமித்த அணுவின் மரபுப்பொருள் பழுதுபட்டிருக்கக்கூடும். அதே காரணத்தால் சிகிச்சை முடிந்தபின்னும் வைத்தியர் குறிக்கும் காலம்வரை கருத்தரிப்பைத் தவிர்த்தல் அவசியம். வைத்தியரிடம் இதனைக் கேட்கத் தாய்க்கு நாணமாயின் தகப்பனோ தமையனோ கேட்கலாம். நோயாளியைத் தனியே விட்டு அவனையே கேட்கச் செய்வது இன்னும் மேல். பெற்றோர் முன்னிலையில் பல வாலிபர் வாய்திறவார்.

பருவமெய்தாச் சிறுவர் நிலையே இன்னும் கடினம். சேமிக்க அவர்களிடம் விந்து இல்லை. அவர்களுக்காக விரைத் திசுவில் ஒரு சிறு துண்டை எடுத்து உறையவைக்கும் முயற்சி சில நாடுகளில் நடைபெறுகின்றது. 2019-ல் அமெரிக்க ஆராய்ச்சியாளர், இளங்குரங்கொன்றின் உறைந்த விரைத் திசுவை அக்குரங்கின் தோலின் கீழ் மீண்டும் பதித்து, அதில் விளைந்த விந்தணுவால் ஒரு பெண்குட்டி பிறந்ததை அறிவித்தனர்.