பாடாதவருக்காக ஒரு பாட்டு

மாலை நேரம். ஐந்தாம் ஆண்டு மாணவர்களின் கட்டுரைப் புத்தகங்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். வாசல்படியில் உட்கார்ந்திருந்த என் மகள், கைத்தொலைபேசியில் ஒரே ஆங்கிலப் பாட்டை மூன்றாவது முறையாகப் போட்டாள்.

"என்னம்மா, வேற பாட்டே கிடைக்கலையா?" என்றேன்.

"இது செத்துப்போனவருக்காகப் பாடுன பாட்டுப்பா. கேட்கக் கேட்க மனசு என்னமோ பண்ணுது."

செத்துப்போனவர் யார் என்று கேட்டேன். அந்த இசைக்குழுவில் நாற்பது ஆண்டுக்கு மேல் இருந்தவராம். அவர் பாடுவாரா? பாட மாட்டாராம். பாட்டு எழுதுவாரா? அதுவும் இல்லையாம். பிறகு எதற்காக உலகம் முழுக்க இரசிகர்கள் அவருக்காக அழுதார்கள் என்று கேட்டதற்கு, "அதெல்லாம் உங்களுக்குப் புரியாதுப்பா" என்று சொல்லிவிட்டாள்.

வாத்தியாரைப் பார்த்து இப்படிச் சொன்னால் சும்மா விட முடியுமா? தேடிப் படித்தேன், பழைய பாடல்களையும் கேட்டேன். அதைத்தான் வாசகர்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

குழுவின் பெயர் டிபேஷ் மோட். ஒரு பிரெஞ்சு நாகரிக உடைப் பத்திரிகையின் பெயரிலிருந்து எடுத்த பெயர். ஊர், இலண்டனுக்குக் கிழக்கே எசெக்ஸ் வட்டாரத்திலுள்ள பேசில்டன். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இலண்டன் நெரிசலைக் குறைக்கப் புதிதாகக் கட்டிய ஊர் அது. அங்கே வளர்ந்த நான்கு இளைஞர்கள் 1980இல் சேர்ந்தார்கள். வின்ஸ் கிளார்க், மார்ட்டின் கோர், ஆண்டி பிளெட்சர், பாடகர் டேவ் கஹான். கோருக்கு வங்கியில் வேலை. பிளெட்சருக்குக் காப்புறுதி அலுவலகத்தில் வேலை. மின்னிசைப் பெட்டிகளைக் கையில் தூக்கிக்கொண்டு இரயிலேறிக் கச்சேரிக்குப் போவார்களாம். தொடக்கத்தில் பாட்டு எழுதிய கிளார்க் 1981இலேயே விலகிவிட்டார். அதன்பிறகு எழுதும் வேலை பெரும்பாலும் கோர் தலையில் விழுந்தது. 1982இல் ஆலன் வைல்டர் வந்து சேர்ந்தார்.

அந்தக் காலத்தில் இங்கிலாந்திலும் மேற்கு ஜெர்மனியிலும் தொழிற்சாலை இசை என்று ஒருவகை கிளம்பியிருந்தது. இயந்திரச் சத்தத்தையும் இரும்புச் சத்தத்தையும் இசையாக்குவது. மேற்கு பெர்லினில் ஐன்ஸ்டூர்ட்சண்டே நொய்பௌட்டன் என்றொரு குழு துளையிடும் இயந்திரத்தையும் இரும்புத் தகட்டையும் மேடையிலேற்றியது. (பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் மூச்சு வாங்குகிறது. 'இடிந்து விழும் புதுக் கட்டடங்கள்' என்று பொருளாம்.) டிபேஷ் மோட் இளைஞர்களுக்கும் இந்த ஆசை பிடித்தது. 1983இல் இலண்டனில் பாழடைந்த இடங்களுக்குச் சுத்தியலோடு போனார்கள். குழாய், இரும்புத் தகடு என்று கண்டதையெல்லாம் தட்டினார்கள். அந்தச் சத்தத்தை மின்னியல் கருவியில் பதித்து, ஆர்மோனியக் கட்டை போன்ற கட்டைகளில் ஏற்றியும் இறக்கியும் வாசித்தார்கள். 'பைப்லைன்' என்ற பாட்டு முழுவதுமே இப்படிச் சேர்த்த சத்தத்தால் ஆனது. 1986இல் வந்த 'ஸ்டிரிப்ட்' பாட்டின் தொடக்கத்தில் கேட்பது கஹானின் கார் முடுக்கப்படும் சத்தம். அடியில் 'டக் டக்' என்று ஓடிக்கொண்டே இருப்பது, நிற்கும் மோட்டார் சைக்கிளின் சத்தத்தை மெதுவாக்கியது.

இதைப் படித்தபோது எனக்கு என் தகப்பனார் ஞாபகம் வந்தது. எங்கள் தோட்டத்தில் செம்பனை வருவதற்கு முன்னால் அவர் ரப்பர் ஆலையில் வேலை செய்தார். உறைந்த பாலை உருட்டித் தகடாக்கும் இயந்திரத்துக்கு ஒரு தாளம் உண்டு. வீட்டிலிருந்தே கேட்டு, "இன்னிக்கு உருளை சரியா சுத்தலை" என்று அம்மாவிடம் சொல்வார். சொன்னபடியே மறுநாள் பழுதாகும். ஆலை மூடியபோது அந்தச் சத்தமும் போய்விட்டது. பதிவு செய்து வைக்க வேண்டுமென்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

கதைக்கு வருவோம். இந்தக் குழுவுக்கு வாய்த்த இரசிகர்கள் சாதாரணப்பட்டவர்கள் அல்லர். 1984இல் 'பீப்பிள் ஆர் பீப்பிள்' என்ற பாட்டை மேற்கு ஜெர்மனியில் முதலிடத்துக்குக் கொண்டுபோனார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் கிழக்கு ஜெர்மனியில் இசைத்தட்டு எளிதில் கிடைக்காது. வானொலியில் வருவதை நாடாவில் பிடித்து, ஒருவர் மாற்றி ஒருவர் படியெடுத்துக் கேட்டார்கள். 1988 மார்ச் 7ஆம் நாள் கிழக்கு பெர்லினில் ஒரு கச்சேரி நடந்தது. இளைஞர் அமைப்பின் வழியாகத்தான் அனுமதிச்சீட்டு கிடைத்தது. கிடைக்காதவர்கள் மண்டபத்துக்கு வெளியே குளிரில் நின்றார்கள். அதே ஆண்டு ஜூன் மாதம் அமெரிக்காவின் பாசடீனா நகரில் அறுபதாயிரம் பேருக்கு மேல் கூடினார்கள்.

புதுப்பாட்டு வருகிறது என்றால் இவர்களுக்குத் திருவிழாதான். 1989இல் 'பெர்சனல் ஜீசஸ்' வெளிவருவதற்கு முன், இங்கிலாந்துப் பத்திரிகைகளின் சிறுவிளம்பரப் பகுதியில் பாட்டின் பெயரையும் ஒரு தொலைபேசி எண்ணையும் மட்டும் போட்டார்கள். என்னவோ ஏதோ என்று எண்ணைச் சுழற்றியவர்களுக்கு மறுமுனையில் அந்தப் பாட்டு கேட்டது. மறுவருடம் மார்ச் மாதம் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் ஓர் இசைத்தட்டுக் கடையில் கையெழுத்துப் போட வந்தார்கள். பல்லாயிரம் பேர் திரண்டு தெருவே அடைபட்டுப் போனது. போலீசார் வந்து நிகழ்ச்சியைப் பாதியில் நிறுத்தினார்கள். ஏமாந்தவர்களைச் சமாதானப்படுத்தப் பிறகு ஒரு கேசட்டே வெளியிட வேண்டியதாயிற்று!

இத்தனை அமர்க்களத்துக்கும் நடுவில் ஆண்டி பிளெட்சர் என்ன செய்துகொண்டிருந்தார்? 1989இல் வந்த '101' என்ற ஆவணப்படத்தில் அவரே வேடிக்கையாகச் சொல்கிறார். மார்ட்டின் பாட்டு எழுதுகிறார், ஆலன் நல்ல இசைக்கலைஞர், டேவ் பாடுகிறார், நான் சும்மா சுற்றிக்கொண்டிருக்கிறேன் என்று. மேடையில் ஒரு மின்னிசைப் பெட்டிக்குப் பின்னால் நிற்பார். சில கட்டைகளை அழுத்துவார். மற்ற நேரமெல்லாம் இரு கைகளையும் தூக்கித் தட்டுவார். இந்த மனிதர் உண்மையிலேயே வாசிக்கிறாரா என்று இரசிகர்கள் கேலி பேசாத நாளில்லை. ஆனால் மேடைக்குப் பின்னால் வரவு செலவு பார்த்தவர் அவர். கோரும் கஹானும் முகம் கொடுத்துப் பேசாத காலங்களில் நடுவில் நின்று பேச்சைக் கொண்டுபோய்க் கொண்டுவந்தவரும் அவர்தான்.

இப்படி ஒருவர் எங்கள் தோட்டத்துக் கோயில் பஜனைக் குழுவிலும் இருந்தார். எனக்கு மாமா முறை. பாட வராது. ஜால்ராவைக் கொடுத்தால் தாளம் தப்பும். ஆனால் பாய் விரிப்பது, ஆர்மோனியத்தைத் துடைத்து மூடி வைப்பது, வெளித்தோட்டத்துக்குப் போக வேன் பேசுவது, சந்தா வசூலிப்பது எல்லாம் அவர்தான். எங்கள் குழுவில் பாடகர் இருவருக்கும் ஒத்துப்போகாது. "அண்ணன் உங்களை முதல்ல தொடங்கச் சொன்னாரு" என்று இவரிடம் சொல்வார். அவரிடம் போய், "தம்பி உங்களுக்காகத்தான் காத்திருக்காரு" என்பார். இரண்டும் பொய் என்பது எங்களுக்குத் தெரியும். அவர் இறந்த அடுத்த வெள்ளிக்கிழமை ஆர்மோனியப் பெட்டியின் சாவி எங்கே இருக்கிறது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. சாவி இல்லாமலே, கையால் தாளம் தட்டிப் பாடினோம். வாராவாரம் பாடும் பாட்டுதான். ஆனால் அன்று பாதிக்கு மேல் யாருக்கும் குரல் எழும்பவில்லை.

பிளெட்சர் 2022 மே 26ஆம் நாள் திடீரென்று இறந்தார். வயது 60. இதயத்திலிருந்து இரத்தத்தை எடுத்துச் செல்லும் பெரிய குழாய் கிழிந்ததே காரணம் என்று குழுவினர் பின்னர் அறிவித்தார்கள். அதிகம் வேதனைப்படாமல் போனார் என்பது ஓர் ஆறுதல்.

வைல்டர் 1995இலேயே விலகிவிட்டார். ஆகவே மிஞ்சியவர்கள் இருவர். அவர்களும் அவ்வளவாக ஒட்டாதவர்கள். இனிக் குழு அவ்வளவுதான் என்று பல இரசிகர்கள் முடிவு கட்டினார்கள். வைல்டரைத் திரும்ப அழைக்கவேண்டும் என்றார்கள் சிலர். (அவர் போன நாளிலிருந்து இந்தக் கோரிக்கை ஓய்ந்ததே இல்லை. 2010இல் இலண்டனில் ஒரே ஒரு பாட்டுக்கு மேடையேறிவிட்டு மறுபடியும் போய்விட்டார்.) பிளெட்சர் இல்லாமல் அந்தப் பெயரையே வைத்துக்கொள்ளக் கூடாது என்றவர்களும் உண்டு. நான்கு மாதம் கழித்து, அக்டோபர் 4ஆம் நாள், கோரும் கஹானும் பெர்லினில் பத்திரிகையாளர்கள் முன் வந்து உட்கார்ந்தார்கள். புதிய இசைத்தொகுப்பு வரும், உலகப் பயணமும் உண்டு என்று அறிவித்தார்கள். தொகுப்பின் பெயர் 'மெமெண்டோ மோரி'. சாவை மறவாதே என்பது அந்த இலத்தீன் சொற்களின் பொருள்.

தொகுப்பின் முதல் பாட்டு 2023 பிப்ரவரி 9ஆம் நாள் வெளிவந்தது. என் மகள் திரும்பத் திரும்பப் போட்டது இதைத்தான். பெயர் 'கோஸ்ட்ஸ் அகெய்ன்'. மீண்டும் ஆவிகளாவோம் என்பதுபோல் ஒரு பொருள். சாவைப் பற்றிய பாட்டு என்றதும் இழுத்து இழுத்து அழும் பாட்டு என்று நினைத்தேன். அப்படியில்லை. தாளம் விறுவிறுவென்று போகிறது. குரலில்தான் துயரம் இருக்கிறது. துயரமும் மகிழ்ச்சியும் சரியாகக் கலந்த பாட்டு என்று கஹான் சொன்னார். எத்தனை முறை கேட்டாலும் தமக்கே சலிக்கவில்லை, இப்படி அமைவது அபூர்வம் என்றார் கோர்.

இரசிகர்களுக்கும் சலிக்கவில்லை. ஆறு ஆண்டு கழித்து வந்த பாட்டு அல்லவா? 2017இல் வந்த தொகுப்பில் அரசியல் அதிகம் என்று முகம் சுளித்தவர்கள்கூட, 2005இல் வந்த 'பிரெஷஸ்' பாட்டுக்குப் பிறகு இப்படி ஒன்று வரவில்லை என்றார்கள். பழைய இரும்புச் சத்தம் எங்கே, இது மிகவும் மென்மையாக இருக்கிறதே என்று குறைப்பட்டவர்களும் இருந்தார்கள். ஆனால் இந்த வாதமெல்லாம் இரண்டாம் பட்சம்தான். கேட்ட மாத்திரத்தில் பெரும்பாலோர் மனத்தில் வந்து நின்றவர் பிளெட்சர். நண்பனுக்குப் பாடிய இரங்கற்பா என்றே எடுத்துக்கொண்டார்கள். அந்தச் சாக்கில் தங்கள் வீட்டில் இழந்தவர்களையும் நினைத்துக்கொண்டார்கள்.

உண்மை என்னவென்றால், பாட்டு அவருக்காக எழுதப்படவில்லை. கொவிட் பரவிய காலத்தில், எங்கு பார்த்தாலும் சாவாக இருந்தபோது, ரிச்சர்ட் பட்லர் என்ற இன்னொரு பாடகரோடு சேர்ந்து கோர் எழுதியது. அப்போது பிளெட்சர் நன்றாகவே இருந்தார். ஒலிப்பதிவு தொடங்குவதற்குச் சில வாரங்களுக்கு முன்னால்தான் இறந்தார். தொகுப்பிலுள்ள ஒரு பாட்டைக்கூட அவர் கேட்கவில்லை என்பதுதான் மற்ற இருவருக்கும் பெரிய வருத்தம்.

இதைக் கண்டுபிடித்ததும் வாத்தியார் புத்தி விடுமா? மகளிடம் போய், "நீ சொன்னது தப்பும்மா. அவர் உயிரோட இருக்கும்போதே எழுதுன பாட்டு" என்றேன். அவள் சற்று யோசித்தாள். "எழுதும்போது இருந்தாரு. பாடிப் பதிவு பண்ணும்போது இல்லைதானேப்பா?" என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. அந்த வெள்ளிக்கிழமை எங்கள் கோயிலில் பாடியதும் மாமாவுக்காக எழுதிய பாட்டல்ல.

பாட்டுக்கு எடுத்த காணொளியையும் மகளே காட்டினாள். அண்டன் கோர்பைன் என்ற டச்சுக்காரர் எடுத்தது. எத்தனையோ ஆண்டுகளாக இக்குழுவைப் படமெடுத்து வருபவர். கறுப்பு வெள்ளைப் படம். அறுபதைத் தொட்ட இரண்டு மனிதர்கள் ஒரு மாடியில் எதிரெதிரே உட்கார்ந்து சதுரங்கம் ஆடுகிறார்கள். 1957இல் சுவீடன் நாட்டு இயக்குநர் இங்மார் பெர்க்மன் எடுத்த ஒரு படத்தில் போர்வீரன் ஒருவன் மரணத்தோடு சதுரங்கம் ஆடுவான். அதை மனத்தில் வைத்து எடுத்த காட்சி. எனக்குப் பட்டது வேறு. நடுவில் தூது போக ஆளில்லாததால் இருவரும் நேருக்கு நேர் உட்கார்ந்திருக்கிறார்கள். பேட்டிகளிலும் இதையேதான் சொன்னார்கள். பிளெட்சர் போன பிறகு தாங்களே ஒருவரோடொருவர் பேச வேண்டியதாயிற்று, அதனால் முன்னைவிட நெருங்கினோம் என்று.

எங்கள் பாடகர் இருவரும் இன்னும் அந்த அளவுக்கு வரவில்லை.

குழு 2023 மார்ச்சில் புறப்பட்டு, நாடு நாடாகச் சுற்றி, 2024 ஏப்ரல் 8ஆம் நாள் ஜெர்மனியின் கொலோன் நகரில் பயணத்தை முடித்தது. கச்சேரிகளில் 'வேர்ல்ட் இன் மை ஐஸ்' என்ற 1990ஆம் ஆண்டுப் பாட்டைப் பாடினார்கள். பிளெட்சருக்கு மிகவும் பிடித்த பாட்டாம். அப்போது பின்னாலுள்ள பெரிய திரையில் மூக்குக்கண்ணாடியோடு அவர் முகம் தெரியும். அந்தக் காட்சியை மட்டும் நான் இரண்டு முறை போடச் சொன்னேன். திரையில் முகம் வந்ததும் கூட்டம் முழுவதும் கைகளைத் தலைக்கு மேலே தூக்கித் தட்டுகிறது, அவர் தட்டியதைப் போலவே.